செங்கல் சூளையிலிருந்து பிரசவ அறை வரை: இருளர் பெண்களுக்குத் துணை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களில் இருளர் குடியிருப்புகளுக்கும் சூளைகளுக்கும் போய், கர்ப்பிணிகளுக்குத் துணை நிற்க முன்வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவம் பார்ப்பது நம் வேலை இல்லை. அதற்குக் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே கூலி, பேருந்து, வெட்கம், காகிதம், முன்பணம், பழைய அவமானம் எல்லாம் கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்துவதுதான் துணை.

புதிதாக வருகிறவர்களுக்கு அக்கறையில் குறைவில்லை. வரிசையில்தான் தவறுகிறார்கள். முதல் நாளே முருங்கைக்கீரை பற்றிப் பேசுவார்கள். பிரசவ மாதத்தில் அவர் எந்த மாவட்டத்தில் இருப்பார் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஏழு மாதம் பழகிய பெண், வலி வரும்போது அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சூளையில் இருப்பார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ் மாதங்களும் பண்டிகைகளும் குறித்த நாட்காட்டி ஒன்று. கோடு போட்ட நோட்டு ஒன்று. மழைக்குத் தாங்கும் பிளாஸ்டிக் உறை சில. அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியோரின் தொலைபேசி எண்கள். அவசரத்துக்குச் சில்லறையாக ஐந்நூறு ரூபாய்.

உங்களோடு இன்னொரு பெண்ணும் வேண்டும். பிரசவ வலி உங்கள் ஓய்வு நாளைப் பார்த்து வராது. ஒருவரை மட்டும் நம்பப் பழகிய பெண், அவர் வராத இரவில் யாரையும் கூப்பிடமாட்டார். ஆகவே முதல் நாளிலிருந்தே இரண்டு பேராகப் போய், இரண்டு முகங்களையும் பழக்குங்கள்.

1. குடியிருப்புக்குள் யார் வழியாக, எந்த நேரத்தில் போவது

ஒவ்வொரு குடியிருப்பிலும் பிள்ளைப்பேறு பார்த்த மூத்த பெண் ஒருவர் இருப்பார். ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அவரிடம் போங்கள். அவருக்குத் தெரியாமல் ஒரு கர்ப்பிணியின் குடிசைக்குள் போனால், நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் நீங்கள் போன பிறகு அவரிடம் விசாரணைக்குப் போகும். அவர் தலையசைக்காதது எதுவும் நடக்காது.

சூளையில் கல் அறுப்பு (மண்ணைப் பிசைந்து பச்சைச் செங்கல் வார்ப்பது) நடுராத்திரிக்குப் பிறகு தொடங்கி, வெயில் ஏறும் வரை நடக்கும். காலை பத்து மணிக்குப் போனால் வேலையைக் கெடுப்பீர்கள். மதியம் போனால் தூக்கத்தைக் கெடுப்பீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல், அடுப்பு மூட்டும் நேரம் சரியாக இருக்கும்.

கேமராவை எடுக்காதீர்கள். தாய் சேய் நல அட்டையின் படம் எடுக்க வேண்டிய நாளில் கேட்டுவிட்டு எடுங்கள். "நீங்க, வாங்க" என்று பேசுங்கள். வயதில் எவ்வளவு சின்னப் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான். அலுவலகத்திலும் கடையிலும் சூளையிலும் "வா, போ" கேட்டே வளர்ந்தவருக்கு, நீங்கள் யார் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

2. முதல் கேள்வி: குழந்தை பிறக்கிற மாதத்தில் எங்கே இருப்பீங்க?

இதற்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, கடைசியாகத் தலைக்குக் குளித்த, அதாவது மாதவிலக்கான தேதி. "எல்எம்பி எப்போ?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "கடைசியா எப்போக்கா தலைக்குக் குளிச்சீங்க? ஆடிப்பெருக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டு, நாட்காட்டியை நடுவில் வையுங்கள். பண்டிகை, தேர்தல், பக்கத்து வீட்டுச் சாவு, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்க் கன்னியம்மனைக் கும்பிட்ட நாள் என்று ஏதோ ஒன்றைப் பிடித்துத் தேதிக்கு வந்துவிடலாம்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசப் பிரசவ தேதி. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 என்று வைத்துக்கொண்டால், பிரசவம் மே 10-ஐ ஒட்டி வரும். சூளை வேலை பொங்கலை ஒட்டிச் சூடுபிடித்து, மழை தொடங்கும் வரை ஓடும். அதாவது அந்தக் குழந்தை சூளையில் இருக்கும்போதுதான் பிறக்கும்.

இரண்டாவது விவரம் எந்தச் சூளை, எந்த மேஸ்திரி, முன்பணம் வாங்கியாயிற்றா என்பது. இதை அதிகாரியைப் போல விசாரிக்காதீர்கள். வாங்கிய கடனைப் பற்றிப் பேசினால் முதலாளி காதுக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமான பயம். கணவரையும் உட்கார வைத்துப் பேசினால் இது சீக்கிரம் தெரியவரும், ஏனென்றால் கல் அறுப்பில் கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாகத்தான் கணக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மனைவி ஒரு நாள் நின்றால் இருவர் கூலியும் அடிபடும்.

இடம் தெரிந்துவிட்டால் மற்ற எல்லாம் அதைச் சுற்றி அமையும். பரிசோதனை எங்கே, பிரசவம் எங்கே, துணை யார், வண்டி எது என்பதற்கெல்லாம் இதுவே அடிப்படை. அதனால்தான் இது முதல் கேள்வி.

3. எண் முதலில், சான்றிதழ் பிறகு

கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ததும் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்தான் முக்கியம். பிக்மி எண் என்றும் சொல்வார்கள். எந்த மாவட்டத்துக்குப் போனாலும் அந்தப் பெண்ணின் பரிசோதனைக் கணக்கு அந்த எண்ணோடு போகும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். பதிவை மூன்று மாதம் முடிவதற்குள் செய்துவிட்டால் நல்லது.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆதார் இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, குடும்ப அட்டை இல்லை என்று அந்தக் காகிதங்களுக்காக அலையத் தொடங்கி, பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். சில குடும்பங்களுக்கு அது கைக்கு வர வருடங்கள் ஆகின்றன. வயிற்றில் இருக்கும் குழந்தை அதற்காகக் காத்திருக்காது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்கும், 108 வண்டிக்கும் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. யாராவது கேட்டால் "செய்துகொண்டிருக்கிறோம், இப்போ பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

பணம் வருவதற்குத்தான் ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரூ.14,000 பணமும், ரூ.4,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உண்டு. 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் முதலிலேயே பாருங்கள். "பதினெட்டாயிரம் வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது பிரசவம் என்று பிறகு தெரிந்தால், அந்தக் குடும்பம் உங்கள் மற்ற வார்த்தைகளையும் நம்பாது. கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். மேஸ்திரியின் கணக்கைக் கொடுக்க விடாதீர்கள்.

வயது 18 நிரம்பவில்லை என்றால் விஷயம் கனமானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பயத்தில் வயதைக் கூட்டிச் சொல்வதும், குடிசையிலேயே பிரசவம் பார்ப்பதும் நடக்கிறது. மிகவும் ஆபத்துக்குள்ளாகும் பெண்கள் இந்த வயதுக்காரர்கள்தான். பொய்யான வயதை நீங்கள் எழுதாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவரிடம் பேசிவிட்டு, என்ன நடக்கும் என்பதைக் குடும்பத்துக்கு ஒளிக்காமல் சொல்லி, கூடவே போங்கள். ஒளித்துச் சொல்லி அழைத்துப் போனால், அடுத்த பெண்ணை அந்தக் குடியிருப்பில் யாரும் உங்களோடு அனுப்பமாட்டார்கள்.

தாய் சேய் நல அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரையின் உள்பக்கம் சொருகி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருடைய கைபேசியில் அதன் படம் இருக்க வேண்டும்.

4. பரிசோதனை நாளை ஒரே நாளாக்குங்கள்

நான்கு தடவையாவது பரிசோதனை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் எட்டுத் தடவை பார்க்கச் சொல்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு பேர் கூலி போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ரத்தம், சிறுநீர், எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் ஒரே நாளில் முடியும்படி செவிலியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் மருத்துவரே பார்க்கும் கர்ப்பிணிகள் முகாம் நடக்கும். அதைச் சுற்றித் திட்டமிடுவது எளிது.

அட்டையில் நீங்கள் பார்க்க வேண்டிய எண்கள் மூன்றுதான். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையை மட்டும் நம்பாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் உயிருக்கு வந்துவிடும். மற்ற எதையும் விட நான் இந்த எண்ணின் பின்னால்தான் அலைகிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள், சாப்பிடமாட்டார்கள். "ஏன் சாப்பிடலை?" என்று கேட்டால் "சாப்பிட்டேனே" என்றுதான் பதில் வரும். "சாப்பிட்டா என்ன பண்ணுதுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை பெரிதாகி வெட்டி எடுக்க வேண்டிவரும் என்று அத்தை சொன்னார்... ஒவ்வொன்றாக வரும். கறுப்பாகப் போவது மாத்திரையில் இருக்கும் இரும்பால் வருவது, கெடுதல் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் போட்டால் குமட்டல் குறையும். டீயோடு போட்டால் சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு வேளையில் போட வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்று வீதம் 180 நாள். ரத்தம் குறைவு என்றால் மருத்துவர் இரண்டாக்குவார்.

5. சாப்பாடு: பட்டியல் கொடுக்காதீர்கள், கேளுங்கள்

அச்சடித்த தாளில் ஆப்பிளும் பேரீச்சையும் இருக்கும். அவர்கள் வீட்டில் நண்டு, நத்தை, ஏரி மீன், வயல் எலி, காட்டுக்கிழங்கு, வேலியோரக் கீரை இருக்கும். புரதமும் இரும்பும் அந்தச் சட்டியிலேயே இருக்கின்றன. என்னோடு முதல்முறை வந்த ஒரு தோழி, எலிக்கறி என்று கேட்டதும் முகத்தைச் சுளித்துவிட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்களிடம் "சோறு, குழம்பு" என்று மட்டும்தான் சொன்னார். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ளும் வழியை ஒரு சுளிப்பில் மூடிவிட்டோம்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: விஷம் வைத்த வயலில் பிடித்ததை வேண்டாம் என்று விடுங்கள், மற்றதை நன்றாக வேகவையுங்கள். எலிக்காய்ச்சல் கர்ப்பத்தில் கடுமையாக வரும். இதை அவர்களே என்னைவிட நன்றாக அறிவார்கள். உறுதி செய்துகொண்டால் போதும்.

உண்மையான சிக்கல் அளவில் இருக்கிறது. சூளையில் கடைசியில் சாப்பிடுவது அந்தப் பெண்தான். மாமியாரிடம் "உங்க மருமக பாத்திரத்தில முதல்ல போடுங்க ஆயா, வயித்தில இருக்கிற உங்க பேரனுக்கும் அதிலதான் பங்கு" என்று சொன்னால் நடக்கும். அந்தப் பெண்ணிடமே "நிறைய சாப்பிடுங்க" என்று சொன்னால் நடக்காது. பாத்திரம் அவர் கையில் இல்லை.

6. ஏழாம் மாதம்: பிரசவ அறைக்குள் யார்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினர் கூட இருக்கலாம். 2004-லிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. மத்திய அரசும் 2016-ல் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது, தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும், மருத்துவ வேலையில் தலையிடக்கூடாது. வலியின்போது ஒருவர் விடாமல் கூட இருந்தால் வலி நேரம் குறைவதும், இயல்பான பிரசவத்துக்கு வாய்ப்புக் கூடுவதும் பல நாட்டு ஆய்வுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது.

அந்தத் துணை நீங்களாக இருக்காதீர்கள். இதைத்தான் புதியவர்கள் ஏற்கமாட்டார்கள். நாம் படித்தவர்கள், நாம் உள்ளே இருந்தால் மரியாதையாக நடத்துவார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெண் நம் முன்னால் முனகமாட்டார், புடவை விலகினால் கூசுவார், தன் பேச்சில் பேசமாட்டார். அம்மாவோ அக்காவோ அந்த ஆயாவோ உள்ளே போகட்டும். வாசலில் நின்று, அவர்களை உள்ளே விடச் செய்வதுதான் நம் வேலை.

இதே மாதத்தில் ஒரு நாள் மருத்துவமனையைக் காட்டிவிட்டு வாருங்கள். எந்த வாசல், இரவில் எந்தக் கதவு திறந்திருக்கும், கழிப்பறை எங்கே, பிரசவ வார்டு எந்த மாடி என்று நடந்தே காட்டுங்கள். துணை வருகிற ஆயாவையும் அழைத்துப் போய் வார்டு செவிலியரிடம் அறிமுகப்படுத்துங்கள். ஒருமுறை முகம் பார்த்துப் பேசியவரை விரட்டுவது கடினம்.

உள்ளே என்னென்ன செய்வார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கைவிட்டுப் பார்ப்பார்கள், ஊசி குத்தி டிரிப் ஏற்றலாம், ஒரு அளவு வரை நடக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், தண்ணீர் கேட்கலாம். திரை போடச் சொல்லிக் கேட்கலாம். சொல்லாமல் விட்டால், முதல் உள்பரிசோதனையிலேயே கால்களை இறுக்கிக்கொள்வார்; அதற்குத் திட்டு விழும். தாயத்து, கறுப்புக் கயிறு, அரைஞாண் எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக்கூடாது என்று வீட்டில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றக்கூடாதது என்றால் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்ட முடியுமா என்று செவிலியரிடம் முன்பே கேட்கலாம். வலியின் நடுவில் கத்தரிக்கோலோடு யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் இந்த மாதத்திலேயே பேசி முடிக்க வேண்டும். பிரசவமானதும் காப்பர்-டி வைப்பதா, குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்வதா, எதுவும் வேண்டாமா? வலியில் கிடக்கும் பெண்ணிடம் வாங்கும் கைநாட்டைச் சம்மதம் என்று நான் எண்ணமாட்டேன். என்னென்ன வழிகள், எதை எப்போது எடுக்கலாம் என்று செவிலியரை வைத்து நிதானமாகச் சொல்ல வையுங்கள். அவர் முடிவு எதுவானாலும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்பதும் எழுதப்பட வேண்டிய முடிவுதான்.

7. எட்டாம் மாதம்: வண்டி, பை, முதலாளி

சூளைக்கு முகவரி கிடையாது. 108-க்கு அழைத்து "அந்தச் சூளை" என்றால் வண்டி வராது. ரோட்டிலிருந்து வண்டி எதுவரை வரும் என்று நீங்களே நடந்து பாருங்கள். கோயில், பெட்டிக்கடை, மின்மாற்றி என்று ஏதாவது ஒரு அடையாளத்தில் நிறுத்தும் இடத்தை முடிவு செய்து, அதை அப்படியே சொல்லக் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பழக்குங்கள். ஒருமுறை ஒத்திகை பார்த்தால் நல்லது. கைபேசியில் காசு இல்லாவிட்டாலும் 108-க்கு அழைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது வழியாக, இரவில் எடுக்க ஒப்புக்கொள்கிற ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும்.

முன்பணம் தீரவில்லை என்று முதலாளி போக விடமாட்டார் என்றால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும் விஷயம். கோட்டாட்சியரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் போகலாம். ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் நீங்களாகப் புகார் கொடுக்காதீர்கள். அதன் விளைவை அன்று இரவே அனுபவிக்கப் போவது அவர்கள். பெரும்பாலும் தேதியை முன்கூட்டியே மேஸ்திரிக்குச் சொல்லி, செவிலியரையும் ஒருமுறை சூளைக்கு வரவைத்தால், தடுக்கத் துணிய மாட்டார்கள்.

பையில் பழைய மெல்லிய பருத்திப் புடவைகளைத் துவைத்து வெயிலில் காயவைத்து வையுங்கள். குழந்தையைத் துடைக்க ஒன்று, சுற்ற ஒன்று. அட்டை, மாற்றுத் துணி, நாப்கின், தண்ணீர் பாட்டில், சில்லறை. குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று புதுத்துணி வாங்கக்கூடாது என்று வீட்டில் நினைத்தால் வற்புறுத்தாதீர்கள். பழைய புடவையே பச்சை உடம்புக்கு இதம்.

8. வலி எடுத்த நாள்

பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், வலிப்பு வந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். வெறும் வலி என்றால், ஒழுங்காக விட்டுவிட்டு வந்து நெருங்க ஆரம்பித்ததும் கிளம்புங்கள். "இன்னும் நேரம் இருக்கு" என்ற கணக்கு பக்கத்திலேயே மருத்துவமனை உள்ளவர்களுக்கானது.

வழியிலேயே குழந்தை வந்துவிட்டால் இழுக்காதீர்கள். வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, அம்மாவின் நெஞ்சில் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை எதனாலும் அறுக்க வேண்டாம், நஞ்சுக்கொடியை இழுக்க வேண்டாம். அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவமனை வாசலில் நுழைந்ததும் நோட்டில் நேரம் எழுதுங்கள். வந்த நேரம், முதலில் பார்த்த நேரம், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். இது சண்டைக்காக இல்லை. வேலை மாறும்போது அடுத்த செவிலியருக்குச் சொல்ல இது உதவும்; பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கே கேட்கும் முதல் கேள்விகளும் இவைதான். அனுப்பும்போது பரிந்துரைச் சீட்டு, அட்டை, பை, உள்ளே இருந்த துணை நான்கும் அதே வண்டியில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஆயா மட்டும் வராந்தாவிலேயே விடுபட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்தப் பெண் ஒரு ராத்திரி முழுவதும் தனியாகக் கிடந்தார்.

யாராவது அதட்டினால், அடித்தால்? அந்த நிமிடத்தில் உரக்கச் சண்டை போட்டால் நீங்கள் வெளியே போய்விடுவீர்கள், அவர் உள்ளேயே இருப்பார். "சிஸ்டர், இது அவங்களுக்கு முதல் பிரசவம், ரொம்பப் பயந்துட்டாங்க. அவங்க அம்மா ரெண்டு நிமிஷம் பக்கத்தில நிக்கட்டுமா?" என்று கேளுங்கள். பல செவிலியர்கள் இரவு முழுக்கத் தனியாளாக நாலு பிரசவம் பார்த்துக் களைத்தவர்கள். ஒரு வார்த்தையில் தணிவார்கள். கைநீட்டல் தொடர்ந்தால் பணி மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். எழுத்துப் புகார் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னால், வீடு திரும்பிய பிறகு நோட்டில் உள்ள நேரங்களோடு மருத்துவ அலுவலருக்குக் கொடுக்கலாம்.

காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். 2011-லிருந்து அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாம் இலவசம். இயல்பான பிரசவத்துக்கு மூன்று நாளும் அறுவைக்கு ஏழு நாளும் சாப்பாடும் உண்டு.

9. முதல் இரண்டு நாள்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மார்பில் இருக்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஆயாவிடம் மருத்துவமனைக்கு வரும் முன்பே பேசியிருந்தால், அங்கே வாக்குவாதம் வராது. "மாடு ஈன்றதும் கன்னுக்கு முதல்ல எதை விடுறோம் ஆயா?" என்று கேட்டால், அவரே மருமகளுக்குச் சொல்லிவிடுவார்.

24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, கூடவே போலியோ சொட்டு, பி.சி.ஜி. ஊசி. அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முழு நாப்கின் நனைந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும். "பிள்ளைப்பேறுன்னா ரத்தம் போகத்தான் செய்யும்" என்று பொறுத்துக்கொள்வதில்தான் உயிர் போகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் ஆபத்துகளில் பெரும்பகுதி முதல் 48 மணி நேரத்தில் வருபவை. கூலி போகிறது என்று மறுநாளே கிளம்ப நினைக்கும் கணவரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். "ரூல்" என்று சொன்னால் நிற்கமாட்டார்.

கிளம்பும் முன் பிறப்புப் பதிவில் அம்மா பெயரும் அப்பா பெயரும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. இந்தக் குழந்தை ஆறு வயதில் பள்ளிக்குப் போகும்போது, அம்மா அலைந்த அலைச்சல் இதற்கும் வர வேண்டாம். வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தியைக் கேளுங்கள்.

10. வீட்டு வழக்கங்கள்: மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

நல்லவை, கெடுதல் இல்லாதவை, ஆபத்தானவை. மூன்றாவதை மட்டும் தடுங்கள். எல்லாவற்றையும் மறுக்கிறவர் பேச்சு எதிலும் எடுபடாது.

அம்மாவுக்கு ஓய்வு, வெந்நீர், பூண்டுக் குழம்பு, கருவாடு, வயிற்றைத் துணியால் சுற்றுவது, தீட்டு என்று தனியாக இருக்க வைப்பது (ஓய்வாவது கிடைக்கிறது) எதையும் தொடாதீர்கள். குழந்தைக்கு வெளியே கட்டும் கயிறு, பொட்டு இருக்கட்டும். விழுந்த தொப்புள்கொடியை என்ன செய்வது என்பது முழுக்க அவர்கள் விருப்பம்.

தடுக்க வேண்டியவை: தொப்புளில் சாம்பல், எண்ணெய், மஞ்சள், சாணம் போடுவது. குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு உரைத்துப் புகட்டுவது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. மூடிய குடிசைக்குள் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "தண்ணி கொடுங்க" என்பதை விட "சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணியா கொடுங்க ஆயா" என்றால் கொடுப்பார்.

11. நாற்பத்திரண்டு நாள்

3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். செவிலியர் வராத நாளில் நீங்கள் போங்கள். அம்மாவிடம் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, நிற்காத ரத்தம், தலைவலி, மார்பில் கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால், உள்ளங்கை, பாதம் வரை மஞ்சளானால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனை. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் இருந்தால் "காத்து கருப்பு" என்று விடாமல், செவிலியரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வையுங்கள்.

குழந்தை இறந்து போன வீட்டுக்கும் இதே நாள்களில் போக வேண்டும். புதியவர்கள் அங்கே போவதை நிறுத்திவிடுவார்கள், என்ன பேசுவதென்று தெரியாமல். பேச ஒன்றும் வேண்டாம். பால் கட்டிய மார்பு வலிக்குமே, அதற்கு என்ன செய்வதென்று சொல்ல ஒருவர் வேண்டும். பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும்.

12. லாரி கிளம்பும் முன்

பருவம் முடிந்து குடும்பம் ஊருக்குத் திரும்பும். அல்லது அடுத்த சூளைக்குப் போகும். எந்த ஊர் என்று தெரிந்ததும், அந்தப் பகுதிச் செவிலியரின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். அந்தப் பெண்ணின் முன்னிலையிலேயே அழைத்து, ஆர்.சி.எச். எண்ணைச் சொல்லி, ஆறாவது வாரத் தடுப்பூசி எந்தத் தேதி என்பதையும் சொல்லுங்கள். பிறகு போனை அவர் கையில் கொடுங்கள். இரண்டு வார்த்தை அவரே பேசட்டும். நோட்டில் அவர் பக்கத்தைக் கிழித்து, அட்டையோடு அதே உறையில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.